ஒரே மூட்டை, மூன்று சூழல்கள்: இயந்திரக் கற்றல் மாடலைப் புரொடக்‌ஷன் வரை கொண்டுசேர்க்கும் முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு குழுவில், வாடிக்கையாளர் சந்தாவை நிறுத்திவிடுவாரா என்று முன்கூட்டியே கணிக்கும் மாடல் ஒன்றைப் பயனர்கள் நேரடியாகப் பயன்படுத்தும் சூழலான புரொடக்‌ஷனில் ஏற்றினோம். சோதனைகள் எல்லாம் தேறியிருந்தன. சர்வர் ஒவ்வொரு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னது. பிழைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்கள் அத்தனை பேரையும் ‘இவர் போகவே மாட்டார்’ என்று மாடல் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது. உண்மையில் அதிகம் விலகிப் போகிறவர்களே அவர்கள்தான்.

காரணம் ஒரு பூஜ்யம். ‘கடைசியாக வாங்கி எத்தனை நாள் ஆயிற்று’ என்று ஒரு புலம் இருந்தது. பயிற்சித் தரவில், இன்னும் எதையும் வாங்காதவருக்கு அந்த இடம் வெறுமையாக இருக்கும். வெற்றிடங்களை இடைநிலை மதிப்பால் நிரப்பிப் பயிற்சி கொடுத்தோம். நேரடிச் சேவையோ அதே இடத்தில் 0 என்று அனுப்பியது. மாடலின் கணக்கில் 0 நாள் என்றால் ‘இன்றைக்குத்தான் வாங்கியிருக்கிறார், நல்ல வாடிக்கையாளர்’. சோதனைச் சூழலுக்கான தரவையும் பயிற்சித் தரவு வந்த அதே தரவுக் கிடங்கிலிருந்து எடுத்திருந்ததால், அந்தப் பூஜ்யம் எங்கள் கண்ணில் படவே இல்லை.

சாதாரண மென்பொருள் தவறு செய்தால் பெரும்பாலும் விழுந்துவிடும். மாடல் விழாது, தவறான எண்ணைத் தன்னம்பிக்கையோடு தந்துகொண்டே இருக்கும். அதனால்தான் உருவாக்கம், சோதனை, புரொடக்‌ஷன் என்ற மூன்று சூழல்களையும் கடந்து மாடலைக் கொண்டுபோவதற்குத் தனி ஒழுங்கு தேவைப்படுகிறது. கீழே உள்ள வரிசை நான் நம்பிப் பின்பற்றுவது.

படி 1: நகரப்போவது எது என்று முடிவு செய்யுங்கள்

மாடல் என்றதும் பலருடைய நினைவுக்கு வருவது பயிற்சி முடிந்ததும் கிடைக்கும் கோப்பு மட்டும்தான். அந்தக் கோப்பால் தனியாக ஒன்றும் செய்ய முடியாது. உள்ளீட்டை எண்களாக மாற்றும் முன்செயலாக்க நிரல், எந்த லைப்ரரி (ஆயத்த நிரல் தொகுப்பு) எந்தப் பதிப்பு என்ற பட்டியல், எந்தப் புலம் எந்த வடிவில் வரவேண்டும் என்ற உள்ளீட்டு ஒப்பந்தம், முடிவெடுக்கும் வெட்டுப்புள்ளி ஆகியவை அதனோடு சேர்ந்தே பயணிக்க வேண்டும். வெட்டுப்புள்ளியை இங்கே சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. ‘0.5-க்கு மேல் போனால் எச்சரிக்கை’ என்ற எண்ணைச் செயலியை எழுதுகிறவர் தம் நிரலுக்குள் வைத்துவிடுவார். அடுத்த மாடலின் நிகழ்தகவுகள் வேறு மாதிரிப் பரவியிருந்தால் அந்த 0.5-க்கு அர்த்தமே மாறிப்போகும். இவை அனைத்தையும் சேர்த்துக் கட்டியதை இனி ‘மூட்டை’ என்று அழைக்கிறேன்.

அடுத்த கேள்வி: ஒரு சூழலிலிருந்து மறு சூழலுக்கு நகர்வது கட்டி முடித்த மூட்டையா, பயிற்சி கொடுக்கும் நிரலா? இரண்டு வழிகளும் நடைமுறையில் உள்ளன. முதல் வழியில் ஒரே ஒரு முறை பயிற்சி நடக்கிறது. அதில் பிறந்த மூட்டையே மூன்று சூழல்களையும் கடக்கிறது. இரண்டாவது வழியில் நிரல் மட்டும் நகர்கிறது. ஒவ்வொரு சூழலும் தன்னிடமுள்ள தரவைக் கொண்டு தானே பயிற்சி கொடுத்துக்கொள்கிறது. தனியுரிமை விதிகளால் நிஜத் தரவு புரொடக்‌ஷனை விட்டு வெளியே வரக் கூடாது என்றாலோ, மாடலை நாள்தோறும் புதுப்பிக்க வேண்டும் என்றாலோ இரண்டாவது வழிதான் பொருந்தும். ஆனால் அதில் நீங்கள் சோதித்த மாடல் வேறு, ஓடப்போகும் மாடல் வேறு. ஆகவே ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் ஆள் தலையீடின்றித் தானே தடுத்து நிறுத்தும் சோதனை வாசல் ஒன்று புரொடக்‌ஷனுக்குள்ளேயே இருந்தாக வேண்டும். அந்த வாசலைக் கட்டும் பலம் குழுவுக்கு வரும்வரை முதல் வழியே பாதுகாப்பானது என்பது என் கருத்து. இந்த வழிகாட்டி அதை ஒட்டியே செல்கிறது.

படி 2: மூட்டையைக் கட்டுங்கள்

பைத்தானில் மாடலைச் சேமிக்க எல்லோரும் முதலில் கையில் எடுப்பது பிக்கிள். அதில் இரண்டு ஆபத்துகள். பிக்கிள் கோப்பைத் திறக்கும்போதே அதற்குள் ஒளிந்திருக்கும் எந்த நிரலும் ஓடிவிட முடியும். எனவே உங்கள் கையால் உருவாகாத கோப்பைத் திறக்கவே கூடாது. மற்றொன்று, சைகிட்-லேர்ன் என்ற இயந்திரக் கற்றல் லைப்ரரியின் ஒரு பதிப்பில் சேமித்த மாடலை வேறு பதிப்பில் திறப்பதற்கு அந்த லைப்ரரியே உத்தரவாதம் தருவதில்லை. எச்சரிக்கை ஒன்றைக் காட்டிவிட்டு ஏற்றிக்கொள்ளும்; கணிப்பு மாறியிருக்கலாம். இதற்கு மாற்றாக, 2017-இல் ஃபேஸ்புக்கும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து அறிமுகப்படுத்திய ஓஎன்என்எக்ஸ் என்ற மாடல் சேமிப்பு வடிவத்தைப் பயன்படுத்தலாம். பிக்கிளையே வைத்துக்கொள்வதானால் எல்லா லைப்ரரிகளின் பதிப்பு எண்களையும் கடைசிப் புள்ளி வரை பூட்டிவிடுங்கள். ‘குறைந்தது இந்தப் பதிப்பு’ என்று எழுதுவது பூட்டு ஆகாது.

முன்செயலாக்கம் மாடலோடு ஒட்டியே இருக்கட்டும். அடிக்கடி பார்க்கும் ஒரு விபத்தைச் சொல்கிறேன். பைத்தானின் தரவு லைப்ரரியான பாண்டாஸில் ‘கெட் டம்மீஸ்’ என்ற செயல்கூறு, வகைப் பெயர்களை 0, 1 நெடுவரிசைகளாக விரித்துத் தரும். பயிற்சித் தரவில் சந்தா வகைகள் 12 இருந்தால் 12 நெடுவரிசைகள் கிடைக்கும். புரொடக்‌ஷனில் ஒரே ஒரு வாடிக்கையாளரின் வரி வருகிறது. அதில் ஒரே வகைதான் இருக்கிறது. ஒரே நெடுவரிசைதான் உருவாகிறது. நல்ல காலமாக இருந்தால் மாடல் பிழை காட்டி நிற்கும். மீதி நெடுவரிசைகளை யாராவது அவசரத்தில் வேறு வரிசையில் நிரப்பி ‘சரிசெய்து’ விட்டால், பிழையும் காட்டாது. பயிற்சியின்போது பார்த்த வகைகளை நினைவில் வைத்துக்கொள்ளும் குறியாக்கியை மாடலோடு ஒரே பைப்லைனாக (ஒன்றையடுத்து ஒன்று ஓடும் தொடராக) சேர்த்துச் சேமித்தால் இந்தத் தொல்லையே இல்லை.

பிறகு எல்லாவற்றையும் ஒரு டாக்கர் கன்டெய்னருக்குள், அதாவது நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் சேர்த்து எங்கும் ஒரேபோல் ஓடவைக்கும் பெட்டிக்குள், வையுங்கள். அந்தப் பெட்டியின் சேமித்த வடிவமான இமேஜுக்குப் பெயரிடும்போது ‘லேட்டஸ்ட்’ என்ற ஒட்டுப்பெயரை நம்பாதீர்கள். இன்று ஒன்றைச் சுட்டும் அந்தப் பெயர் நாளை வேறொன்றைச் சுட்டும். ஒவ்வொரு இமேஜுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படும் 64 எழுத்துக் கைரேகை ஒன்று உண்டு. மூன்று சூழல்களிலும் அந்தக் கைரேகையைச் சொல்லியே இமேஜை எடுங்கள். சோதித்ததும் ஓடுவதும் ஒன்றுதானா என்ற கேள்விக்கு அப்போது வாதமே எழாது.

மூட்டைக்குள் ஒரு பிறப்புச் சான்றிதழும் இருக்கட்டும்: எந்த கிட் கமிட் (நிரலின் எந்தப் பதிவு), எந்த நாளின் தரவு நகல், எந்த ரேண்டம் சீடு (தற்செயல் எண்களின் தொடக்க எண்), பயிற்சி முடிவில் என்ன மதிப்பெண்.

படி 3: எது மாறலாம், எது மாறக் கூடாது

மூன்று சூழல்களுக்கும் இடையே மாறக்கூடியவை மிகக் குறைவு. தரவுத்தள முகவரி, கடவுச்சொற்கள், எத்தனை நகல்கள் ஓட வேண்டும், எவ்வளவு விரிவாகப் பதிவு எழுத வேண்டும் என்பன போன்றவை மட்டும். இவை மூட்டைக்கு வெளியே, சூழல் மாறிகளாக (ஓடும் சூழலே நிரலுக்குத் தரும் மதிப்புகளாக) இருக்க வேண்டும். மாடல் நிரலுக்குள் ‘இது புரொடக்‌ஷனாக இருந்தால் இப்படிச் செய்’ என்று ஒரு வரி எழுதினீர்களானால், சோதனையில் ஒருபோதும் ஓடாத ஒரு வழியை நேராகப் பயனர்முன் திறந்துவிடுகிறீர்கள். அந்த வரியைப் பார்த்த இடத்திலேயே அழியுங்கள்.

தரவு விஷயம் சிக்கலானது. உருவாக்கச் சூழலில் வாடிக்கையாளர்களின் உண்மைப் பெயரும் எண்ணும் இருக்கக் கூடாது. மறைத்த அல்லது செயற்கைத் தரவு போதும். சோதனைச் சூழலில்தான் பலர் சறுக்குகிறார்கள். அங்கே தேவைப்படுவது புரொடக்‌ஷனில் உண்மையாக வந்த கோரிக்கைகளின் நகல்: அடையாளங்களை நீக்கிய, ஆனால் வடிவம் சிதையாத நகல். கிடங்கில் சுத்தம் செய்து அடுக்கிய தரவை வைத்துச் சோதித்தால் எங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும். வெற்றிடம் எப்படி வருகிறது, தேதி எந்த வடிவில் வருகிறது, எண் எழுத்தாக வருகிறதா என்பதெல்லாம் கோரிக்கையில்தான் தெரியும்.

படி 4: உருவாக்கச் சூழல்

நிரலைச் செல்கள் என்ற துண்டுகளாக எழுதி ஓட்டும் நோட்புக்கில் ஆராயலாம், மூட்டை அங்கிருந்து வரக் கூடாது. செல்களை முன்பின்னாக ஓட்டிக் கிடைத்த மாடலை மறுபடி உருவாக்க முடியாது. பயிற்சியை ஒரே கட்டளையில் ஓடும் நிரலாக எழுதுங்கள். வேறொருவர் தம் கணினியில் அந்தக் கட்டளையைக் கொடுத்து, ஏறக்குறைய அதே மதிப்பெண்ணைப் பெற்றுவிட்டால் இந்தப் படி முடிந்தது.

படி 5: சோதனைச் சூழல்

அதிக உழைப்பை இங்கே செலவிடுங்கள்.

முதலில் நான் செய்வது பொற்கோப்புச் சோதனை. கவனமாகத் தேர்ந்தெடுத்த 200 வரிகளை ஒரு கோப்பில் வைக்கிறேன்: சாதாரணமானவை கொஞ்சம், வெற்றிடம் உள்ளவை, எல்லை மதிப்புகள், பயிற்சியில் இல்லாத வகைப் பெயர், மிக நீண்ட எழுத்து, பூஜ்யம். பயிற்சி முடிந்த கையோடு, உருவாக்கச் சூழலில் மாடல் அவற்றுக்குத் தந்த கணிப்பையும் பக்கத்திலேயே பதிவு செய்கிறேன். இந்தக் கோப்பும் மூட்டைக்குள் போகிறது. சோதனைச் சூழலிலும் பிறகு புரொடக்‌ஷனிலும் கன்டெய்னர் எழுந்தவுடன், இந்த 200 வரிகளும் பயனரின் கோரிக்கை நுழையும் அதே வாசல் வழியாக உள்ளே போக வேண்டும். கிடைத்த விடை பதிவான விடையோடு பொருந்தாவிட்டால் கன்டெய்னர் பயனர்களின் கோரிக்கைப் போக்குவரத்தை ஏற்கக் கூடாது.

‘பொருந்துவது’ என்றால் கடைசி இலக்கம் வரை சமம் என்று எதிர்பார்க்காதீர்கள். கணினியில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் துல்லியமாக 0.3 வருவதில்லை. கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கங்களும் மாறும்; கணினியின் இரு வகைக் கணிப்புச் சில்லுகளான சிபியுவும் ஜிபியுவும் ஒரே வரிசையில் கூட்டுவதில்லை. 0.00001 அளவுக்கு விலக்கம் விட்டுவிட்டால் பெரும்பாலான மாடல்களுக்குப் போதும். அதைத் தாண்டிய வித்தியாசம் தெரிந்தால் லைப்ரரிப் பதிப்பையோ முன்செயலாக்கத்தையோ சந்தேகியுங்கள்.

அடுத்தது ஒப்பந்தச் சோதனை. உள்ளே வரும் ஒவ்வொரு புலத்துக்கும் வகை, வீச்சு, வெற்றிடம் அனுமதியா என்பவற்றை எழுதி, மீறினால் மறுக்கவோ பதிவு செய்யவோ வேண்டும். ‘நாள்கள் 0 அல்லது அதற்கு மேல்’ என்று எழுதியிருந்தாலும் எங்கள் பூஜ்யம் தப்பித்திருக்கும் என்பதைக் கவனியுங்கள். ‘மொத்தம் வாங்கிய எண்ணிக்கை 0 என்றால் இந்தப் புலம் வெறுமையாகவே இருக்க வேண்டும்’ என்று இரு புலங்களை இணைத்து எழுதியிருந்தால்தான் பிடிபட்டிருக்கும். எனவே தனித்தனி விதிகளோடு நிற்காமல், புலங்களுக்கு இடையிலான உறவுகளையும் துறை தெரிந்தவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். ஒரு பிற்பகல் போதும். அவர் சொல்லும் பத்து வாக்கியங்கள் பல வாரத் தேடலை மிச்சப்படுத்தும்.

நடத்தைச் சோதனை மூன்றாவது. மற்றவை அப்படியே இருக்க, புகார்களின் எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் விலகும் வாய்ப்பு குறையக் கூடாது. வாடிக்கையாளர் பெயரை மாற்றினால் விடை மாறவே கூடாது. இப்படிப்பட்ட எதிர்பார்ப்புகளை நிரலாகவே எழுதலாம்.

மதிப்பெண்ணை ஒட்டுமொத்தமாக மட்டும் பார்க்காதீர்கள். புதியவர், பழையவர், மொபைல் வழி வருபவர் என்று கூறுகூறாகப் பிரித்துப் பாருங்கள். ஒட்டுமொத்தத் துல்லியம் ஏறியிருக்கும்போது, சிறிய பிரிவு ஒன்றில் சரிந்திருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

கடைசியாக வேகம். சராசரி ஏமாற்றும். நூறில் ஒரு கோரிக்கை மட்டும் மெதுவாக இருப்பது பெரிய குறையாகத் தோன்றாது. ஆனால் ஒரு பக்கத்தைக் காட்ட மாடலைப் பத்து முறை அழைக்க வேண்டியிருந்தால், நூறில் ஏறக்குறைய பத்துப் பக்கங்கள் மெதுவாகிவிடும். 99-ஆவது சதமானத்தை, அதாவது நூறில் 99 கோரிக்கைகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிகின்றன என்பதை, அளந்து, அதற்கு எல்லை வையுங்கள்.

படி 6: பதிவேடு

தேறிய மூட்டைகள் எல்லாம் ஒரே பதிவேட்டில் இருக்க வேண்டும். எம்எல்ஃப்ளோ போன்ற கருவிகள் இதைத் தருகின்றன. எம்எல்ஃப்ளோவில் முன்பு ‘ஸ்டேஜிங்’, ‘புரொடக்‌ஷன்’ என்ற நிலையான படிநிலைகள் இருந்தன, 2.9 பதிப்பிலிருந்து அவற்றுக்குப் பதிலாக நாமே வைத்துக்கொள்ளும் மாற்றுப்பெயர்களைப் பரிந்துரைக்கிறார்கள். நல்ல மாற்றம்தான். இப்போது ஓடும் மாடலைச் சுட்டும் ‘சாம்பியன்’ என்ற பெயரை 14-ஆம் பதிப்பிலிருந்து 15-க்கு நகர்த்துவதே வெளியீடு. திரும்ப 14-க்கு நகர்த்துவதே பின்வாங்கல். பெயரை யார், எப்போது, எந்தச் சோதனை முடிவை வைத்து நகர்த்தினார் என்பது பதிவாக வேண்டும். புரொடக்‌ஷன் சர்வரில் கையால் கோப்பை வைக்கும் உரிமை யாருக்கும் வேண்டாம், குழுத் தலைவருக்கும் சேர்த்துத்தான்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு வரலாறு காரணம். 2012 ஆகஸ்ட் 1 அன்று, அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனமான நைட் கேபிடலின் எட்டு சர்வர்களில் ஏழில் மட்டுமே புதிய நிரல் ஏறியிருந்தது. எட்டாவதில் நீண்ட காலமாகத் தூங்கிக்கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு, தவறான ஆணைகளை மழையாகப் பொழிந்தது. 45 நிமிடங்களில் இழப்பு 44 கோடி டாலரைத் தாண்டியது. அது இயந்திரக் கற்றல் மாடல் இல்லை என்றாலும், கையால் நகல் எடுத்து வைக்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அந்த ஒரு காலைப் பொழுது போதும்.

படி 7: புரொடக்‌ஷனில் மெல்ல இறக்குங்கள்

முதலில் நிழல் ஓட்டம். உண்மைக் கோரிக்கைகள் பழைய மாடலுக்கும் புதிய மாடலுக்கும் சேர்ந்தே போகின்றன. பயனருக்குப் பழையதன் விடை மட்டும் போகிறது. புதியதன் விடைகளைச் சேமித்து ஒப்பிடுகிறோம். எங்கள் பூஜ்யத்தை ஒரே நாள் நிழல் ஓட்டம் காட்டிக்கொடுத்திருக்கும்: புதியவர்களுக்கான கணிப்பு இரண்டு மாடல்களுக்கும் இடையே வானத்துக்கும் பூமிக்குமாக இருந்திருக்கும். எல்லாப் படிகளிலும் ஒன்றே ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

பிறகு கேனரி. நச்சு வாயுவை அறியச் சுரங்கத் தொழிலாளர்கள் கேனரிப் பறவையைக் கூண்டில் எடுத்துச் சென்ற வழக்கத்திலிருந்து வந்த பெயர் இது. போக்குவரத்தில் 5 விழுக்காட்டை மட்டும் புதிய மாடலுக்குத் திருப்புகிறோம். எத்தனை நேரம் காத்திருப்பது? இதை உள்ளுணர்வுக்கு விடாமல் கணக்குப் போடுங்கள். பழைய மாடல் 1 விழுக்காடு தவறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கேனரிக்கு 500 கோரிக்கைகள் வந்தால் எதிர்பார்க்கும் தவறுகள் 5. அதன் இயல்பான ஊசலாட்டம் இரு பக்கமும் இரண்டு மூன்று. புதிய மாடல் இரட்டிப்பாகத் தவறினால் 10 வரும். 8 தவறுகள் வந்தால் அது தற்செயலா, மாடலின் குறையா? 500 கோரிக்கைகளை வைத்துச் சொல்ல முடியாது. 20,000 கோரிக்கைகள் வரை காத்திருந்தால் ஒப்பீடு 200-க்கும் 400-க்கும் ஆகிறது. ஊசலாட்டம் 14 அளவுதான். அப்போது ஐயத்துக்கே இடமில்லை. ‘பத்து நிமிடம் ஓடியது, ஒன்றும் ஆகவில்லை’ என்று முழுதாகத் திறந்துவிடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள்.

ஒருவரே ஒரு முறை பழைய மாடலுக்கும் மறுமுறை புதிய மாடலுக்கும் போகாதபடி, பயனர் அடையாளத்தை வைத்துப் பிரியுங்கள்.

படி 8: கண்காணிப்பு

மாடல் சொன்னது சரியா என்று தெரியவே நாளாகும். சந்தாவை நிறுத்துவாரா என்பதற்கான விடை ஒரு மாதம் கழித்துத்தான் வரும். அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியாது. உள்ளே வரும் தரவின் பரவலையும் வெளியே போகும் கணிப்பின் பரவலையும் பாருங்கள். இதற்கு நிதித் துறையிலிருந்து வந்த எளிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. மக்கள்தொகை நிலைத்தன்மைக் குறியீடு என்பார்கள். மதிப்புகளைப் பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டியிலும் இப்போதைய பங்கிலிருந்து பயிற்சிக்காலப் பங்கைக் கழித்து, அதை இரண்டின் விகிதத்தின் இயல் மடக்கையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். ஒரு பெட்டி 10 விழுக்காட்டிலிருந்து 20 ஆகிறது, இன்னொன்று 20-இலிருந்து 10 ஆகிறது, மற்றவை மாறவில்லை என்றால், ஒவ்வொன்றும் 0.069 தரும், மொத்தம் 0.14. நடைமுறையில் 0.1-க்குக் கீழ் கவலையில்லை, 0.25-க்கு மேல் உடனே ஆராய வேண்டும், இடையில் இருந்தால் கவனம் வேண்டும் என்று கொள்வது வழக்கம். இவை கைப்பழக்க எல்லைகளே. உங்கள் தரவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வெற்றிடங்களின் விகிதத்தையும் பூஜ்யங்களின் விகிதத்தையும் தனித்தனியாக வரைபடமாக்குங்கள் என்பது என் சொந்த வேண்டுகோள்.

இன்னொன்றும் உண்டு. விலகுவார் என்று மாடல் சொன்னவருக்குச் சலுகை கொடுக்கிறோம், அவர் தங்கிவிடுகிறார். அடுத்த பயிற்சித் தரவில் அவர் ‘விலகாதவர்’. மாடல் தன் வேலையாலேயே தன் பாடப்புத்தகத்தை மாற்றி எழுதிக்கொள்கிறது. எந்தச் சலுகையும் தராத ஒரு சிறு குழுவை எப்போதும் ஒதுக்கி வைத்தால்தான் உண்மை நிலை தெரியும்.

படி 9: பின்வாங்குவதை ஒத்திகை பாருங்கள்

பழைய மூட்டை ஒன்று எப்போதும் ஓடத் தயாராக இருக்கட்டும். சோதனைச் சூழலில் மாதம் ஒருமுறையாவது உண்மையாகப் பின்வாங்கிப் பாருங்கள். யார் முடிவெடுப்பது, எத்தனை நிமிடம் ஆயிற்று என்று எழுதி வையுங்கள்.

பூஜ்யத்தைக் கண்டுபிடித்த அன்று நாங்களும் பழைய மாடலுக்குத் திரும்பத்தான் முயன்றோம். கோப்பு இருந்தது, கன்டெய்னர் இருந்தது. ஆனால் புதிய மாடலுக்காக நேரடிச் சேவை ஒரு புலத்தின் பெயரை மாற்றியிருந்தது. பழைய மாடல் அதைத் தேடிக் காணாமல் ஒவ்வொரு கோரிக்கைக்கும் பிழை சொன்னது. தவறான மாடலை நிறுத்தவும் முடியாமல், சரியானதை ஏற்றவும் முடியாமல் இரவு முழுவதும் உட்கார்ந்து பழைய புலத்தை மீட்டோம். அதன் பிறகு புலங்களை மாற்றும் முறையையே மாற்றிக்கொண்டோம்: புதிய புலத்தைப் பழையதன் பக்கத்தில் சேர்ப்போம், இரண்டையும் சேர்த்தே அனுப்புவோம், பின்வாங்கக்கூடிய எந்த மூட்டையும் பழைய புலத்தைப் படிக்கவில்லை என்று பதிவேடு காட்டிய பிறகே அதை நீக்குவோம்.